கப்பல் கொட்டை

உக்காருங்க சார். அந்தப் பேப்பரை மொதல்ல மடிச்சிப் பைக்குள்ள வைங்க. நீங்க கேள்வி கேட்டு நான் ஆமாம், இல்லைன்னு டிக் அடிக்கறதுக்கு இது என்னா பரீட்சையா? காலேஜில சர்வதேச வணிகம் பாடம் நடத்தறீங்களாமே, எங்க முந்திரி விவசாயிகள் சங்கத் தலைவரு போன்ல சொன்னாரு. நல்லது. ஆனா எங்க ஊர்ல அந்தப் பாடத்தை நடத்தினது நானு. இந்தக் கோதண்டம். சவுக்குக் கட்டையால நடத்தினேன்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

ஏ வேதவல்லி, சாருக்கு மோர் கொண்டா. இந்தாங்க சார், பருப்பு எடுத்துக்குங்க. பச்சையாவே தின்னுங்க. இது எங்க கொல்லைக் கொட்டை. என் கண்ணைக் கட்டிட்டுக் கையில ரெண்டு முந்திரிக்கொட்டை குடுங்க, எது நம்மளுது, எது கப்பல் கொட்டைன்னு தடவிப் பாத்தே சொல்லிடுவேன். ஆப்பிரிக்காவுலேருந்து தூத்துக்குடிக்கு வருதே, அதைத்தான் நாங்க கப்பல் கொட்டைன்னு சொல்றது. நம்மளுது கொழுகொழுன்னு இருக்கும், முதுகு வளைஞ்சி இருக்கும். கப்பல் கொட்டை சப்பை. பண்ருட்டிக்கு இந்தாண்ட கொட்டை பாக்கறதுல என்னை அடிச்சிக்க ஆளு கெடையாது. இதை நான் சொல்லல, முந்திரிக் கம்பெனி வெச்சிருக்கற கனகசபை முதலாளியே சொல்லியிருக்காரு. அந்த ஆளோட கெடங்கு மூட்டையைத்தான் நான் கொளுத்தினேன்.

இருங்க, மொதல்லேருந்து சொல்றேன். இல்லன்னா உங்களுக்குப் புரியாது.

நாலு வருஷம் ஆச்சி. எங்களுக்குப் பங்குனியில கொட்டை விழ ஆரம்பிச்சா வைகாசியோட முடிஞ்சிடும். அந்த வருஷம் மரம் பூத்த பூவைப் பாத்து எங்க வேலங்குப்பமே ஆடுச்சி. மழையும் கெடுக்கல, பூச்சியும் கெடுக்கல. பொறுக்கிப் பொறுக்கிக் குறுக்கு ஒடிஞ்சிபோச்சி. கொட்டையைக் காய வெச்சி மூட்டை பிடிச்சி, விலை கேக்கலாம்னு பஜாருக்குப் போறேன், விலை கீழ கெடக்குது. ஒரு வாரத்துல விழுந்துடுச்சி சார். ஏன்டான்னு கேட்டா, துறைமுகத்துக்கு ரெண்டு கப்பல் வந்திருக்குதாம். எவ்வளவு விழுந்துச்சின்னு கேக்காதீங்க. அதைச் சொன்னா எனக்கு இப்பவும் கை பரபரங்குது. அன்னிக்கு அதைச் சொன்ன தராசுக்காரனை ஒரு அறை விட்டேன். பாவம், அவன் என்னா பண்ணுவான், எடை போடறவன். ஆனா சொன்னது அவன் வாயிதானே?

ஐவரி கோஸ்ட்டாம். பெனினாம். பேரு கேட்டிருக்கீங்களா? நீங்க கேட்டிருப்பீங்க, படிச்சவங்க. அங்க எவனோ ஒருத்தன் மரம் வெச்சான். அவனுக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவனைத் தெரியாது. அவனும் என்னை மாதிரி குனிஞ்சிதான் பொறுக்கறான், அது எனக்குத் தெரியாமயா? இருந்தாலும் நடுவுல மட்டும் கடல் இல்லன்னு வைங்க, நேரா போயி அவனை மிதிச்சிருப்பேன். கடல் இருந்துபோச்சி. அதனால யாரு கைக்குக் கெடைச்சானோ அவனை மிதிச்சேன்.

உங்க புஸ்தகத்துல ஒன்னு எழுதியிருக்குமே சார். எந்த நாட்டுக்கு எது நல்லா வருமோ அதை அது வெளைய வெக்கட்டும், மிச்சத்தை ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கலாம்னு. இருக்குதுல்ல? எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா, எங்க மாமா சொல்வாரு. கேக்க நல்லாத்தான் இருக்குது. எங்க செம்மண்ணுக்கு முந்திரியும் பலாவும் விட்டா வேற எது வரும்? அந்த முந்திரியையே ஒருத்தன் கப்பல் நெறைய அனுப்பிட்டான்னா நான் எதைக் கொண்டுபோயி மாத்திக்கறது? கட்டியிருக்கற வேட்டியையா?

மாமான்னு சொன்னேன்ல. அரிகிருஷ்ணன்னு பேரு. எங்க அக்கா அஞ்சலாட்சியைக் கட்டினவரு. அடுத்த தெருதான். அவருதான் கனகசபை கம்பெனியில கெடங்கு மேஸ்திரி. கெடங்கு சாவி அவரு இடுப்புலதான் தொங்கும். அமைதியான ஆளு. எங்கப்பா செத்தப்ப எனக்குப் பதினாலு வயசு. அக்காவைக் கட்டிக்கிட்டு வந்த மனுஷன் என்னையும் சேத்துக் கட்டிக்கிட்டாருன்னுதான் சொல்லணும். சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தாரு, வேதவல்லியைப் பாத்துக் கட்டி வெச்சாரு. ஒரு தடவை நான் கோயில் திருவிழாவுல ஒருத்தன் மண்டையை ஒடைச்சிட்டு வந்தப்ப, நடுவுல நின்னு எனக்கு விழ வேண்டிய அடியை அவரு வாங்கினாரு. எங்க அக்கா அன்னிக்குச் சொன்னா, "இவனுக்காக ஒரு நாளு நீ சாகப் போற பாரு"ன்னு. மாமா சிரிச்சாரு.

அவரு ஆப்பிரிக்கா கட்சி சார். அதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சி.

டீக்கடையில ஒக்காந்து பேசுவோம். "மச்சான், நம்ம கொட்டை மூணு மாசம். மிச்சம் ஒம்பது மாசம் கம்பெனியில கொட்டை உடைக்கற நாப்பது பொம்பளைங்களும் என்னா பண்ணுவாங்க? உங்க அக்கா என்னாத்தை உடைப்பா?"ம்பாரு. சும்மா இருக்கட்டுமேன்னேன். "சும்மா இருந்தா அடுப்பு எரியுமா"ன்னாரு. இன்னொரு நாளு சொல்றாரு, "நம்ம பருப்பு துபாய்க்குப் போவுது, ஹாலந்துக்குப் போவுது. அவன் ஊருக் குடியானவன், வெளிநாட்டு முந்திரி வரக் கூடாதுன்னு ரோட்டுல ஒக்காந்தா உன் கதி என்னா?" அப்ப நான் கேட்டேன் பாருங்க, "மாமா, துபாய்ல ஏது முந்திரி மரம்? மணல்ல எவன் குடியானவன் ஒக்காருவான்?" கடையே சிரிச்சிடுச்சி. அவரும் சிரிச்சாரு. சிரிச்சிட்டு, "நீ கெட்டிக்காரன்தான் மச்சான், ஆனா காது கேக்காத கெட்டிக்காரன்"ன்னாரு.

எனக்குச் சுர்ருன்னுச்சி. கையில இருந்த டீ கிளாஸை வீசிட்டேன். அவரு மேல இல்ல, சொவத்து மேல. கண்ணாடிச் சில்லு தெறிச்சி அவரு காது கிழிஞ்சிது. அவரு துண்டால தொடச்சிக்கிட்டு எழுந்து போயிட்டாரு. அன்னிக்குலேருந்து நான் அவரு வீட்டுக்குப் போறதை நிறுத்திட்டேன். யாரு மேல தப்பு, நீங்களே சொல்லுங்க. காது கேக்கலைன்னு சொன்னது அவரா, நானா?

மோரைக் குடிங்க. அவ முறைக்கறதைப் பாக்காதீங்க, அது அவளோட பழக்கம்.

அப்பறம் சங்கம் கூடிச்சி. கப்பல் கொட்டை எதிர்ப்புப் போராட்டக் குழுன்னு பேரு வெச்சோம், போர்டு எழுதினோம், நான்தான் செயலாளரு. மொதல் தீர்மானம் என்னோடது. கனகசபை கம்பெனி வாசலை எவனும் மிதிக்கக் கூடாது. அவனுக்குக் கொட்டை குடுக்கக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது, அவன்கிட்ட சாக்குகூட வாங்கக் கூடாது. மீறினா அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரு போகாது. பொம்பளைங்க யாரும் கூட்டத்துக்கு வரல. எதுக்கு வரணும்? வீட்டுல நாங்க போயி சொல்லிட்டோம். வேதவல்லிகிட்ட நான் சொன்னப்ப அவ கொட்டை வாரிக்கிட்டு இருந்தா, தலையைத் தூக்கிக்கூடப் பாக்கல.

அப்பவும் வெளியூரு ஆளுங்களை வெச்சி கம்பெனி நடந்துச்சி. எங்களைக் கேலி பண்ற மாதிரி நடந்துச்சி. லாரி லாரியா வந்துச்சி.

ஒரு நாளு, வைகாசி, உச்சி வெயிலு. காலையிலேருந்து ரோட்டுல ஒக்காந்திருந்தோம், அறுபது பேரு இருப்போம். பந்தல் கெடையாது, தண்ணி கெடையாது. போலீஸ்காரங்க ரெண்டு பேரு புளியமரத்தடியில நின்னுக்கிட்டு இருந்தாங்க, பதினோரு மணிக்கு அவங்களும் போயிட்டாங்க. அந்த நேரம் பாத்து தூத்துக்குடி நம்பர் போட்ட லாரி ஒன்னு திரும்புது. தார்ப்பாய் கட்டி, வயிறு பெருத்து, மெதுவா வருது. நான் ஏறி டிரைவர் கதவைத் திறந்து அவன் சட்டையைப் பிடிச்சி இழுத்தேன். தலைகீழா விழுந்தான். "அண்ணாச்சி, நான் வெறும் டிரைவரு அண்ணாச்சி"ன்னு கும்பிடறான். வெறும் டிரைவரு! அப்ப ஆப்பிரிக்காவுல இருக்கறவன் வெறும் குடியானவன். கப்பல்காரன் வெறும் கப்பல்காரன். கனகசபை வெறும் வியாபாரி. மந்திரி வெறும் கையெழுத்து. எல்லாரும் வெறும் ஆளுன்னா என் வயித்துல அடிச்சவன் எவன்டா? இதைக் கேட்டுக் கேட்டு மிதிச்சேன் சார். ஒரு கேள்விக்கு ஒரு மிதி. அவன் சுருண்டுக்கிட்டான். விலாவுல ரெண்டு எலும்பு போச்சின்னு பின்னாடி சொன்னாங்க.

நீங்க ஏன் நகர்ந்து ஒக்கார்றீங்க? உங்களை நான் ஒன்னும் பண்ண மாட்டேன்.

டயரைக் கிழிச்சோம். கண்ணாடியை ஒடைச்சோம். யாரோ, "கெடங்குக்கு வாங்கடா"ன்னு கத்தினான். யாரோன்னுதான் கோர்ட்டுல சொன்னேன். நான்தான்.

கம்பெனி கேட்டு தகரம். நாலு பேரு தோளு குடுத்தா போச்சி. உள்ள களத்துல ஒருத்தரும் இல்ல. போராட்டம்னு முதலாளி பொம்பளைங்களுக்கு லீவு விட்டிருந்தாரு. கெடங்கு கதவு திறந்தே கெடக்குது. உள்ள போறோம். இடது பக்கம் வெள்ளை பிளாஸ்டிக் மூட்டை, கூரை வரைக்கும். உர மூட்டை மாதிரி இருந்துச்சி, எழுத்து ஒன்னும் இல்ல. நாங்க அதைப் பாக்கல. வலது பக்கம் சணல் சாக்கு, நூத்தி இருவது மூட்டை இருக்கும். ஒவ்வொரு சாக்குலயும் பச்சை மையில வெளிநாட்டு எழுத்து. எங்க கூட பாண்டிச்சேரிக்காரன் ஒருத்தன் இருந்தான், இந்த ஊருல பொண்ணு எடுத்தவன். அவன் பிரெஞ்சு படிச்சவன். கிட்டப் போயி படிச்சான். ஐவரி கோஸ்ட்டுல வெளைஞ்சதுன்னு எழுதியிருக்குதுன்னான்.

போதாதா சார்? உங்க காலேஜில இதைவிட என்னா ருசு கேப்பாங்க? எழுத்து இருக்குது, படிச்சவன் படிச்சான்.

"இழுத்துப் போடுங்கடா"ன்னேன். களத்துக்கு நடுவுல இழுத்துப் போட்டு அடுக்கினோம். மூட்டைக்கு எம்பது கிலோ, ஆளு ஆளா சுமந்தானுங்க. போராட்டத்துல வர்ற பலம் வேலையில வராது. பம்பு செட்டுக்கு வெச்சிருந்த டீசல் கேனு ரெண்டு கெடைச்சிது.

அப்பத்தான் மாமா ஓடி வந்தாரு. கம்பெனிக்குப் பின்னாடி இருந்த வீட்டுல முதலாளிக்குப் போன் பண்ணிட்டு இருந்திருக்காரு. செருப்பு இல்ல, சட்டை பட்டன் திறந்து கெடக்குது. நேரா என்னண்ட வந்தாரு. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு மூட்டைக்கும் எனக்கும் நடுவுல நின்னாரு. "மச்சான், ஒரு நிமிஷம்"ன்னாரு.

ஒரு நிமிஷம். அதுதான் கேட்டாரு.

என் கையில சவுக்குக் கட்டை. ரெண்டு மாசமா பேசாத ஆளு. அறுபது பேரு பாக்கறான். சொந்த மாமனுக்காக விட்டுக்குடுத்துட்டான் செயலாளருன்னு நாளைக்குப் பேச மாட்டானா? நான் யோசிச்சேன்னு நெனைக்காதீங்க. இப்ப யோசிச்சி சொல்றேன். அப்ப கைதான் போச்சி. தாடையில விழுந்துச்சி. பலாப்பழத்தைக் கீழ போட்டா ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். விழல சார் அவரு. நின்னாரு. வாய் ஒரு பக்கமா தொங்குது, ரத்தம் கொட்டுது, அப்பவும் கையால மூட்டையைக் காமிச்சி என்னமோ சொல்றாரு. வெறும் காத்துதான் வருது. நான் ரெண்டாவது அடி குடுத்தேன். அப்பத்தான் விழுந்தாரு.

கொளுத்தினேன்.

முந்திரிக்கொட்டை எரிஞ்சி பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. தோலுக்குள்ள ஒரு எண்ணெய் இருக்குது, பட்டாலே தோலு உரிஞ்சிடும். உடைக்கற பொம்பளைங்க கையில சாம்பலைத் தடவிக்கிட்டுத்தான் ஒக்காருவாங்க. அது எரிஞ்சா டீசல் தோத்துடும். கரும்புகை, கண்ணைத் திறக்க முடியாது. கொட்டை கொட்டையா வெடிச்சி எண்ணெய் தெறிக்கும். இதோ பாருங்க, முழங்கைலேருந்து மணிக்கட்டு வரைக்கும். இது அன்னிக்குத் தெறிச்சது. நாங்க கத்தினோம், விசிலடிச்சோம். ஒருத்தன் துண்டைச் சுத்தி ஆடினான். எனக்கு அந்த நிமிஷம் இருந்த சந்தோஷம் என் கல்யாணத்துலகூட இல்ல, அவ கேட்டாலும் கேட்டுட்டுப் போறா.

ஒரு சாக்கு அடிப்பக்கம் எரிஞ்சி கிழிஞ்சிது. கொட்டை சரிஞ்சி என் காலுகிட்ட உருண்டு வந்துச்சி. நான் குனிஞ்சி ஒன்னை எடுத்தேன். சுட்டுது. கொழுகொழுன்னு இருந்துச்சி. முதுகு வளைஞ்சி இருந்துச்சி.

அதை நான் கீழ போட்டுட்டேன். யாருகிட்டயும் சொல்லல. ஆப்பிரிக்காவுலயும் ஒன்னு ரெண்டு நல்லா வெளைஞ்சிருக்கும்னு நெனைச்சேன்.

அப்பறம்தான் எங்க அக்கா வந்தா. புகையைப் பாத்துட்டுப் பொம்பளைங்க எல்லாரும் ஓடி வந்தாங்க, முன்னாடி அவ. மாமா கீழ கெடக்கறதை அவ பாக்கவே இல்ல, புகை அப்படி. நேரா நெருப்புகிட்ட போயி வெறுங்கையால ஒரு மூட்டையைப் பிடிச்சி இழுக்கறா. "அது எங்க கொட்டைடா, பாவி, அது நம்ம கொட்டைடா"ன்னு அலறிக்கிட்டே இழுக்கறா. பின்னாடி இன்னொருத்தி, அவ பின்னாடி இன்னொருத்தி. விசிலடிச்சிட்டு இருந்தவன் பொண்டாட்டி வந்து அவன் வாயிலேயே அறைஞ்சா. துண்டைச் சுத்தினவனோட அம்மா களத்துல ஒக்காந்து மண்ணை வாரித் தலையில போட்டுக்கிச்சி.

விஷயம் என்னான்னா சார், அந்தக் கொட்டை எங்க ஊரு கொட்டை. முப்பத்தோரு வீட்டுக் கொட்டை. விலை ஏறட்டும்னு காத்திருக்கறதுக்கு வீட்டுல இடம் இல்ல, மழை வேற மெரட்டுது. பொம்பளைங்க எங்க மாமாகிட்டக் கேட்டிருக்காங்க, அவரு முதலாளிகிட்டக் கேட்டு ஒரு பக்கம் ஒதுக்கிக் குடுத்திருக்காரு. நாங்கதான் கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தோமே. அதனால எங்ககிட்ட மூச்சு விடல. கொஞ்சம் கொஞ்சமா தலையில சுமந்து, பின்பக்கமா போயி வெச்சிருக்காங்க. எங்க அக்காளோட பதினோரு மூட்டை, அந்த வருஷத்து மகசூலு மொத்தமும் அதுல இருந்துச்சி. இதோ மோரு குடுத்தாளே, இவளோடது ரெண்டு மூட்டை. கம்பெனியில பழைய ஆப்பிரிக்கா சாக்கு மலையா கெடக்கும், சும்மாவே எடுத்துக்கலாம். அதுல பிடிச்சி வெச்சிருக்காங்க. நெசமான கப்பல் கொட்டை இருந்த சாக்கு கப்பல்ல நனைஞ்சிடுச்சாம், துறைமுகத்துலேயே புதுசா வெள்ளை மூட்டையில மாத்தி அனுப்பியிருக்காங்க. இடது பக்கம் இருந்துச்சின்னு சொன்னேனே, அதுதான். அதுல ஒரு கொட்டைக்கும் சேதம் இல்ல.

இப்ப எல்லாரும் கேக்கறான், ஒரு சாக்கையாவது அவுத்துப் பாத்தியான்னு. எதுக்கு அவுக்கணும்? மேல எழுதியிருக்குதே! நீங்க மாத்திரை வாங்கறப்ப உடைச்சிப் பாத்தா வாங்கறீங்க? அந்தச் சாக்கை எல்லாரும் தெனம் பாக்கறோம்கறாங்க. ஆமா, பாக்கறோம், இதோ எங்க வீட்டு வாசல்ல கெடக்குதே காலு மிதிக்க, இதுவும் அந்தச் சாக்குதான். அதுக்கென்னா? கோவத்துல இருக்கறவனுக்கு வாசல்ல கெடக்கற சாக்கா ஞாபகம் வரும்? அந்த பாண்டிச்சேரிக்காரன் அப்பறம் சொல்றான், அடியில சின்ன எழுத்துல, சாக்கு கல்கத்தாவுல நெய்ஞ்சதுன்னும் போட்டிருந்துச்சாம். அங்கேருந்து ஆப்பிரிக்கா போயி, கொட்டையோட இங்க வந்திருக்குது. அதை ஏன்டா அப்பவே படிக்கலைன்னா, நீங்க கேக்கலைங்கறான். அவனுக்கும் ஒன்னு விட்டேன்.

அக்கா கையி ரெண்டும் வெந்துபோச்சி. உள்ளங்கையில தோலு சாக்கோட போயிடுச்சி. மூட்டையை விட்டுட்டுத் திரும்பினப்பத்தான் மாமாவைப் பாத்தா. கிட்டப் போயி ஒக்காந்து அவரு தலையை மடியில வெச்சிக்கிட்டா. கையால தொட முடியல அவளால, ரெண்டு கையையும் தூக்கியே வெச்சிருக்கா. என்னை நிமிந்து பாத்து, "யாருடா அடிச்சது?"ன்னா. என் கையில கட்டை இருந்துச்சி.

போலீஸ் வந்துச்சி. ஸ்டேஷன்ல எனக்கு விழுந்த அடி தனிக் கதை, அதை விடுங்க. லாக்கப்புல ரெண்டு பல்லு போச்சி, கடலூர் ஜெயில்ல நாப்பத்தி ஒரு நாளு. வெளிய வந்தப்ப மாமா இன்னும் ஆஸ்பத்திரியில. தாடையில கம்பி வெச்சிக் கட்டியிருக்காங்க, வாயைத் திறக்க முடியாது, குழாயில கஞ்சி. நான் போனேன் சார். மாட்டேன்னு இல்ல. ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். எங்க அக்கா கட்டுப் போட்ட கையோட வாசல்ல நின்னா. "வாயே இல்லாத ஆளுக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வந்தியா?"ன்னா. அங்கேருந்த இரும்பு ஸ்டூலைக் காலால எத்தி விட்டா என் மேல. முட்டியில பட்டுச்சி. அவ எங்கப்பா பொண்ணு, அவளுக்கும் கோவம் வரும்.

நான் அவகிட்ட எடுத்துச் சொன்னேன். அக்கா, கப்பல் வரலைன்னா விலை விழுந்திருக்குமா? விலை விழலைன்னா போராட்டம் நடந்திருக்குமா? போராட்டம் இல்லைன்னா நீ ஒளிச்சி வெச்சிருப்பியா? அந்தச் சாக்கே இந்த ஊருக்கு வந்திருக்குமா? ஒன்னொன்னா சொன்னேன். அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, "கட்டை எந்த ஊருலேருந்துடா வந்துச்சி?"ன்னா.

அது நம்ம சவுக்குத் தோப்புக் கட்டை.

கம்பெனி ஒரே மாசத்துல மறுபடி நடக்க ஆரம்பிச்சிடுச்சி. எங்க ஊருப் பொம்பளைங்க அத்தனை பேரும் வேலைக்குப் போனாங்க, அந்த வெள்ளை மூட்டைக் கொட்டையை உடைக்க. சங்கத்துல எவனும் தடுக்கல. வேதவல்லியும் போனா. போறப்ப என்னைக் கேக்கல. அக்கா போகல. அவ கை இனிமே கொட்டை உடைக்காது.

கேசு நாலு வருஷம் இழுத்துச்சி. டிரைவரு சமாதானமாப் போயிட்டான், ஒடைஞ்சதுக்கு முதலாளிக்கு இன்சூரன்சு வந்துடுச்சி, எரிஞ்ச கொட்டைக்கு ஊருல எவனும் புகார் குடுக்கல. மிச்சம் இருந்தது மாமாவை அடிச்ச கேசு ஒன்னுதான். என் வக்கீலு சொல்லிட்டாரு, "உங்க மாமா உங்களைக் கை காமிச்சா ஏழு வருஷம், அதுக்கு மேல என்னால ஒன்னும் பண்ண முடியாது"ன்னு.

போன மாசம் சார், இதே மாதிரி ஒரு செவ்வாக்கிழமை. மாமா கூண்டுல ஏறினாரு. நாலு வருஷம் கழிச்சி அன்னிக்குத்தான் அவரை நேருக்கு நேரா பாக்கறேன். அடுத்த தெருவுல இருந்துக்கிட்டு நாலு வருஷம் கண்ணுல படாம இருந்திருக்காரு பாருங்க. பாதி ஆளா எளைச்சிட்டாரு. வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது. அக்கா பின்னாடி பெஞ்சில, முந்தானையில கையை மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கா. அரசாங்க வக்கீலு என்னைக் காமிச்சி, "உங்களை அடிச்சது இவருதானே?"ன்னு கேக்கறாரு.

மாமா என்னைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் தலையை ஆட்டினாரு. இல்லைன்னு. அவரு பேசறது புரியறது கஷ்டம், ஜட்ஜம்மா ரெண்டு தடவை கேட்டாங்க. "இவரு யாருன்னு எனக்குத் தெரியாது"ன்னாரு.

முடிஞ்சிது சார் கேசு. விடுதலை.

எனக்கு அழுகை வந்துடுச்சி. ஜெயில்ல அழாதவன், ஸ்டேஷன்ல பல்லு விழுந்தப்ப அழாதவன், கோர்ட்டு படிக்கட்டுல ஒக்காந்து அழுதேன். பாருடா, மாமன் என்னை விட்டுக்குடுக்கல, திருவிழாவுல நின்ன மாதிரி நடுவுல நின்னுட்டாருன்னு. அவரு வெளிய வந்தாரு, அக்கா தோளைப் பிடிச்சிக்கிட்டு. நான் ஓடிப்போயி காலுல விழுந்தேன். பாதத்தைப் பிடிச்சிக்கிட்டேன். "மாமா, எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே மாமா"ன்னேன்.

அவரு காலை எடுத்துக்கிட்டாரு. ஒதைக்கல. ஒதைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். மெதுவா எடுத்துக்கிட்டு, குனிஞ்சி, ஒவ்வொரு வார்த்தையா சொன்னாரு. அந்த வாயில வேகமா வராது.

"நான் பொய் சொல்லலைங்க."

வாங்க போங்கன்னாரு சார் என்னை. மச்சான்னு கூப்பிட்ட வாயி. "நான் பொய் சொல்லலைங்க. நீங்க யாருன்னு எனக்குத் தெரியல"ன்னுட்டு, அக்காவை இழுத்துக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டாரு.

ஏழு வருஷம் போட்டிருந்தா இருந்துட்டு வந்திருப்பேன்.

சரி, மோரைக் குடிச்சிட்டீங்களா? நீங்க அவரையும்தான் பாக்கப் போவீங்க, ஊருல யாரைக் கேட்டாலும் அவரைத்தான் கை காமிப்பாங்க, ஆப்பிரிக்கா கட்சியில பேசத் தெரிஞ்ச ஆளு அவரு ஒருத்தருதானே. போங்க. இந்தத் தெரு முனையில திரும்பினா மூணாவது வீடு, பச்சைக் கதவு. முனை வரைக்கும் நான் வர்றேன், அதுக்கு மேல வர மாட்டேன். என் பேரைச் சொல்லாதீங்க. உலக வியாபாரம் நல்லதா கெட்டதான்னு நீங்க என்னா வேணா கேளுங்க, அவரு என்னா வேணா சொல்லட்டும், அது எனக்கு வேண்டாம். இப்ப மத்தியானம். சாப்பிடற நேரம். நெதம் இவளைக் கேக்கறேன், இவ சொல்ல மாட்டேங்கறா, தெருவுல எவனும் சொல்ல மாட்டேங்கறான். அவரு தட்டுல இருக்கறது சோறா, கஞ்சியான்னு மட்டும் பாத்துட்டு, திரும்பிப் போறப்ப இந்த வழியா வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சார்.